நான் சாப்பிடாதவை

ஜூன் 16

டாக்டரம்மா நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். நான் என்ன சாப்பிட்டேன், அன்றைக்கு என் பிள்ளை செழியனுக்கு என்ன செய்தது, இரண்டையும் எழுதி அடுத்த முறை கொண்டுவர வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். வகுப்பு முழுக்க நோட்டுத் திருத்தியவளுக்கு இப்போது வீட்டுப்பாடம் வந்திருக்கிறது.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். போன வாரம் கோயிலில் செழியனுக்கு ஆறாம் மாதச் சோறூட்டு. சோற்றைக் குழைத்து இவர் ஒரு வாய் கொடுத்தார், நான் ஒரு வாய் கொடுத்தேன். அதற்குள் இவருடைய அக்கா கோமதி மதினி, "எய்யா, இனிப்போட ஆரம்பிக்கணும்லா" என்று பால் பாயசத்தில் விரலைத் தொட்டு அவன் நாக்கில் தடவிவிட்டாள். கோயில் வாசலுக்கு வருவதற்குள் உதடு வீங்கிப்போனது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு என் தோளில் துவண்டு சரிந்தான். நான் கத்திய கத்தலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார் என்று இவர் பிறகு சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பசும்பாலும் முட்டையும் இவனுக்கு ஆகவே ஆகாதாம், சொட்டுப் பட்டாலும் ஆபத்தாம்.

நான் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா குடுங்க. அவனுக்கு அதவிட நல்லது ஒண்ணும் கிடையாது. ஆனா இனிமே நீங்களும் பால், தயிர், நெய், முட்டை எதையும் தொடக் கூடாது. உங்க வழியா அவனுக்குப் போகும்" என்றார் டாக்டரம்மா.

உங்க வழியா என்றது வீட்டுக்கு வந்தபிறகும் காதை விட்டுப் போகவில்லை.

ஜூன் 19

வீட்டையே கழுவிவிட்டேன். ஃபிரிட்ஜில் இருந்த தயிர், வெண்ணெய், நெய் பாட்டில், ரஸ்க், பிஸ்கட், எல்லாவற்றையும் பையில் கட்டிக் கீழ் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. பிஸ்கட்டில் பால் பவுடர் இருப்பதை எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான். பால்காரரை நிறுத்திவிட்டேன். பால் காய்ச்சிய பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றிவிட்டேன்.

இவர் துறைமுகத்தில் எடை மேடையில் வேலை பார்க்கிறார். காப்பி இல்லாமல் இவருக்கு விடியாது. "எதுத்தாப்புல டீக்கடை இருக்குட்டி. அங்க குடிச்சுக்கிடுதேன். வாயக் கழுவிட்டுத்தான் பிள்ளையத் தூக்குவேன், போதுமா?" என்றார். சட்டையையும் மாற்ற வேண்டும் என்றேன். "குளிச்சு, முழுகி, பூணூல் போட்டுட்டு வாரேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சாப்பிட்டது: சோறு, பருப்புக் குழம்பு, அவரைக்காய், பொரித்த சாளை மீன், கடுங்காப்பி. செழியன் நன்றாக இருக்கிறான்.

ஜூன் 28

இவர் ஆபீசில் யாருக்கோ பிரிவு உபசாரம். மக்ரூன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிற்கிறார். முட்டை வெள்ளையை அடித்துச் செய்வது அது என்று தூத்துக்குடியில் பிறந்த மனிதருக்குத் தெரியாதாம். வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். கீழே படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டுக் கையைக் கழுவி மேலே வந்தார். பாவமாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

ஜூலை 3

கோமதி மதினி ஏரலிலிருந்து வந்தாள். கோயிலில் நடந்ததற்குப் பிறகு முதல் தடவை. முருங்கைக்கீரை, வாழைத்தார், கண்ணில் தண்ணீர், எல்லாம் சேர்ந்து வந்தது. "நான் தெரிஞ்சா செஞ்சேன் செல்வி? எனக்கு அவன் வேற, என் பிள்ளைய வேறயா?" என்றாள். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அவள் ஆட்டோவில் வந்து இறங்குவதை மாடியிலிருந்து பார்த்ததுமே செழியனுக்கு மை வைத்துவிட்டேன். கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. மை நானே செய்தது. கடையில் விற்கும் மையில் என்ன கெமிக்கலைப் போடுகிறானோ யார் கண்டது? வளைகாப்பு முடிந்த கையோடு, விளக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டிக் குழைத்துச் சிமிழ் நிறைய வைத்தேன். அம்மா இருந்திருந்தால் அவள் செய்திருப்பாள். அவள் போய் நாலு வருஷமாகிறது.

மதினியின் கண் சாதாரணக் கண் இல்லை. போன வருஷம் கீழ் வீட்டு முருங்கையைப் பார்த்து, "என்னமாக் காய்ச்சிருக்கு!" என்றாள். மறு வாரம் மரம் முறிந்து மதில் மேல் கிடந்தது.

மதினி போய் ஒரு மணி நேரம் இருக்காது. கன்னம் சிவந்து தடித்துவிட்டது. நெற்றியிலும் அப்படியே. காலைத் தூக்கிப் பெருவிரலைச் சப்புவதுதான் இப்போது இவனுக்கு முழு நேர வேலை. சப்பிக்கொண்டே இருந்தவன் திடீரென்று வீறிட்டுக் கக்கினான். மருந்து கொடுத்தபிறகு அடங்கியது. மத்தியானம் நான் கடலைச் சட்னி சாப்பிட்டிருந்தேன். மதினி கண் பாதி, கடலை பாதி. கடலையை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 11

ஆஸ்பத்திரி. செழியன் எடை பரவாயில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடலைய ஏன் நிறுத்துனீங்க? ரத்தத்துல அது வரலையே. பால், முட்டை மட்டும் போதும். நீங்க நல்லாச் சாப்பிடணும்" என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷிதான். ஆனால் கக்கினதைத் துடைத்தது அவர் இல்லை.

அவருக்கு மை ஆகாது. பிறந்த புதிதில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு போனதற்கு ஒரு பாட்டம் திட்டினார். கண்ணுக்குத்தானே வேண்டாம் என்றார், கன்னத்துக்கு என்ன வந்தது? ஆனாலும் எதற்கு வம்பு என்று அங்கே போகும்போது தேங்காய் எண்ணெய் தொட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் போவேன். இன்றும் அப்படித்தான்.

ஜூலை 13

கேஸ் சிலிண்டர் போட வந்தவர், "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கானே" என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே மை வைத்தேன், உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். ஆனாலும் கன்னம் தடித்துவிட்டது. காலையில் சப்பாத்தி சாப்பிட்டிருந்தேன். கோதுமை நிறுத்தம்.

ஜூலை 15

பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு மை வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். பந்தியில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி தடிப்பு. முந்தின நாள் மீன் சாப்பிட்டேன். மீனும் போயிற்று. கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டு மீனில்லாமல் சாப்பிடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 4

கண்டுபிடித்துவிட்டேன்!

துவரம் பருப்புதான். பதினைந்து நாளாகப் பருப்பையும் விட்டேன், அதிலிருந்து செழியன் மேனியில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு சொறி இல்லை. கன்னம் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆடி மாதம் என்பதால் விருந்தாள் தொல்லையும் இல்லை. நானும் அவனும் மட்டும்தான். மை வைக்கக்கூட வேலை இல்லை, யார் பார்க்கப்போகிறார்கள்? காரட்டை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். இவர் எடை மேடையில் லாரி ஏற்றுவது மாதிரி அவனை வயிற்றில் ஏற்றி உட்காரவைத்து, "டன் கணக்குல வந்துட்டாம்ல" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று!

சாப்பிட்டது: சோறு, புளிக்குழம்பு, கத்திரிக்காய், தேங்காய்த் துவையல்.

ஆகஸ்ட் 18

அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஊரே கூடியிருந்தது. அவனுக்கு மையைப் பெரிய பொட்டாக வைத்துவிட்டுத்தான் போனேன். கூட்டத்தில் ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். மேளம் நிற்பதற்குள் முகம் வீங்கிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதான். வீட்டுக்கு வந்து என்னிடம் குடித்ததை அப்படியே கக்கினான்.

அப்படியானால் பருப்பு மட்டும் இல்லை. வேறு ஏதோ ஒன்று என் உடம்புக்குள் இருக்கிறது. தேங்காயை நிறுத்துகிறேன். கத்திரிக்காயையும் நிறுத்துகிறேன், அது எப்போதுமே அரிப்புக் காய். புளியும் வேண்டாம்.

ஆகஸ்ட் 22

சாப்பிட்டது: சோறு, உப்பு, சுரைக்காய். பசியே இல்லை. ஒரு வகையில் வசதிதான், சமையல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

தலை வாரினால் முடி கொத்தாக வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் கொட்டுவதுதான்.

ஆகஸ்ட் 29

கோமதி மதினி வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கையில் தூக்குவாளி. திறந்தால் சுறாப் புட்டு. வீடெல்லாம் பூண்டு வாசனை அடித்தது. பால் சுறாவை விடியற்காலையில் துறைக்கே போய் வாங்கி, அவித்து, முள்ளெடுத்து, உதிர்த்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பால் கொடுக்கிறவளுக்கு இதைவிட எதுவும் கிடையாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மீன் நான் தொடுவதில்லை என்றேன்.

"டாக்டர் சொன்னாவளா?"

"நான் சொல்லுதேன்."

"ஏட்டி, கண்ணாடியப் பாத்தியா? தோள் எலும்பு துருத்திக்கிட்டு நிக்கி. நீ திங்காட்டா அவனுக்கு எங்கருந்து ஊறும்? ரெண்டு வாய் தின்னு, என் கண்ணு முன்னால தின்னு."

கண்ணு என்ற வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. "ஒங்க கண்ணு முன்னால எதுவும் வேண்டாம். நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் அவனுக்கு வருது. நீங்க வராம இருந்தாலே அவன் நல்லா இருப்பான்" என்றேன்.

செழியன் மதினியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு எழுந்து போனாள். தூக்குவாளியை எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பூனைக்குப் போட்டேன். போடும்போது வாயில் எச்சில் ஊறியது. இரண்டு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான், சாப்பிடவில்லை.

சாயங்காலம் பார்த்தால் கன்னம் தடித்திருக்கிறது. மதினி வந்ததும் வைத்த மை இரண்டு விரலுக்கு ஈஷியிருந்தது. அவ்வளவு மையையும் தாண்டி வந்திருக்கிறது அந்தக் கண். நான் சொன்னது சரிதான் என்று இவரிடம் காட்டினேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 2

பல் வருகிறது போலிருக்கிறது. பால் குடிக்கையில் இழுக்கிறான், விடுகிறான், அழுகிறான். மறுபடி இழுக்கிறான்.

செப்டம்பர் 9

நேற்று நடந்தது.

இவருடைய ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியும் இவர் கேட்கவில்லை, "எத்தன நாளைக்குத்தான் வீட்டப் பூட்டி வச்சுக்கிடப் போற?" என்றார். இத்தனை பேர் கண்ணுக்கு ஒரு பொட்டு எந்த மூலைக்கு? இரண்டு கன்னத்திலும் வைத்தேன், தாடையில் வைத்தேன், இரண்டு உள்ளங்காலிலும் வைத்தேன். செழியன் தூக்கத்துக்கு அழுது கண்ணைக் கசக்கினான், கையைச் சப்பினான். அவர்கள் இன்னும் மிக்சர் தட்டைக் கீழே வைக்கவில்லை, இவனுக்குக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. உதடு தொங்கிவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

ஆட்டோவில் போகும்போது ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனேன். கண்ணீர், கோழை, மை, எல்லாம் துண்டோடு வந்தது. ஊசி போட்டபிறகு அவனுக்கு நிறம் திரும்பியது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கஞ்சி."

"அவன்?"

"அவனும் கஞ்சிதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எடை பார்க்கும் மெஷினைக் காட்டி, "நீங்க ஏறுங்க" என்றார். நான் ஏறினேன். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யார் இப்படியெல்லாம் பட்டினி கிடக்கச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பருப்பு, மீன், காய் எல்லாம் இன்றிலிருந்து சாப்பிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

கஞ்சி குடித்ததற்கே இப்படி ஆகியிருக்கிறது. பருப்பைச் சாப்பிட்டு என் பிள்ளையைக் கொல்லச் சொல்கிறாரா?

செப்டம்பர் 15

சாப்பிட்டது: பருப்பு, மீன், கீரை என்று எழுத வேண்டும். டாக்டரம்மா பார்ப்பார்.

உண்மையில் கஞ்சிதான்.

செப்டம்பர் 24

இவர் தட்டில் சோற்றைப் பிசைந்து என் வாய்க்கு நேரே நீட்டினார். சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது மாதிரி வாயைத் திறந்து காட்டினார். "ஒரு வாய் செல்வி. எனக்காக." நான் தட்டைத் தள்ளிவிட்டேன். சோறு அவர் சட்டையெல்லாம் சிந்தியது. உதறிக்கொண்டே, "ரெண்டு பிள்ளைய வளக்க எனக்குத் தெம்பு இல்லட்டி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னார்.

இந்த மனிதருக்குப் புரியவில்லை. அவனுக்கு வேறு எது கொடுத்தாலும் பயம். நான் மட்டும்தான் அவனுக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் விஷம் கலக்கிறது என்றால், அதைச் சுத்தம் செய்ய வேண்டியது நான்தானே? என் அம்மா எனக்கு மூன்று வயதுவரை கொடுத்தாளாம். நான் என் பிள்ளைக்கு அந்த ஒன்றையாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டாமா?

அக்டோபர் 5

பால் இல்லை.

எழுதிவிட்டேன். ஒரு வாரமாகவே தெரியும். பல் என்றேன், வெயில் என்றேன், சளி என்றேன். இன்று காலையில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டேன். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அழவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். பிழிந்து பார்த்தேன். ஒரு சொட்டு வந்தது, அதோடு சரி.

அக்டோபர் 8

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாட்டுப்பாலின் சத்தை உடைத்துத் தயாரிக்கிற ஒரு மாவு இருக்கிறதாம், ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கென்றே செய்வதாம். சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். முதல் தடவை ஆஸ்பத்திரியில் வைத்தே கொடுத்துப் பார்த்தார்கள். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, கெட்டுப்போன கிழங்கு மாதிரி. வீட்டில் நான் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். கசப்பு. நாலு மாதமாக என் வாயில் படாத ருசியெல்லாம் ஞாபகம் வந்து, இதுவா அவனுக்கு என்று இருந்தது.

செழியன் பாட்டிலைத் தட்டிவிடுகிறான். தட்டிவிட்டு என் ரவிக்கையைப் பிடித்து இழுக்கிறான்.

அக்டோபர் 13

சங்கில் ஊற்றினேன், துப்பினான். கரண்டியில் கொடுத்தேன், துப்பினான். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆகா, என்ன ருசி!" என்று அவன் எதிரில் குடித்துக்காட்டினார். பிறகு குளியலறைக்குப் போய்க் காறித் துப்பும் சத்தம் கேட்டது. செழியன் எடை இறங்கியிருக்கிறது. தொடை மடிப்புகள் காணாமல் போய்விட்டன.

அக்டோபர் 18

நான் சட்டையை மூடிக்கொண்டு கழுத்துவரை துண்டு சுற்றிக்கொள்கிறேன். என் வாசனை வந்தால் அவன் பாட்டிலைத் தொடுவதில்லை. இவர்தான் கொடுக்கிறார். நான் அடுக்களையில் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அழுகிறான். குடிக்கிறான். மறுபடி அழுகிறான்.

கடவுளே, நான் எதையெல்லாம் விட்டேன், இன்னும் எதை விட வேண்டும்?

அக்டோபர் 25

தீபாவளி வருகிறது. ஆட்கள் வருவார்கள். மைச் சிமிழைத் திறந்தால் அடி தெரிகிறது. இளைத்த பிள்ளை மேல் விழும் கண் இன்னும் பொல்லாதது. காலையிலேயே விளக்கை ஏற்றித் தட்டைக் கவிழ்த்துக் கரி எடுத்துவிட்டேன். நல்ல கரி, பட்டு மாதிரி வந்தது.

இவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வரும்போது கொஞ்சம் நெய் வாங்கிட்டு வாங்க. சின்னப் பாட்டில் போதும்" என்றேன்.

செருப்பில் ஒரு கால் விட்டவர் அப்படியே நின்றார். "நெய்யா?"

"ஆமா."

"நம்ம வீட்டுக்கா? ஏட்டி, நெய் இந்த வாசப்படியத் தாண்டக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"திங்கதுக்கு இல்லைங்க. மை குழைக்கதுக்கு."

சொல்லிவிட்டேன். சொன்னது என் காதில் விழுந்தது.

இவருக்கு உடனே புரியவில்லை. "மையிலயா நெய்யி?" என்று என் கையில் இருந்த சிமிழைப் பார்த்தார். பிறகு தொட்டிலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

வீட்டில் உருக்கிய நெய். வளைகாப்புக்கு வாங்கின வெண்ணெயை நானே காய்ச்சி, கரியில் விட்டு, வழுவழுவென்று வரும்வரை நானே குழைத்தேன். வீட்டில் இருந்த நெய் பாட்டிலைக் கீழே கொடுத்துவிட்டு, சிமிழை மட்டும் சாமி அலமாரியில் வைத்திருந்தேன். அது மை. அது சாப்பாடு இல்லை. அதை யார் பால் என்று நினைப்பார்கள்?

கன்னத்தில். நெற்றியில். உள்ளங்காலில். அவன் சப்புகிற காலில். மதினி வந்த நாளெல்லாம், கல்யாணத்துக்கும் கொடைக்கும் போன நாளெல்லாம், ஆட்கள் வந்த அன்றைக்கு அத்தனை இடத்திலும். ஆடியில் வைக்கவில்லை. ஆடியில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

ஒருவர் கண்ணும் படவில்லை. என் விரல்தான் பட்டது.

அக்டோபர் 26

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார். "துடைச்சிட்டு வருவீங்களா, என்கிட்ட வரும்போது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நீளமாக மூச்சு விட்டார். "நானும் வாய்க்குள்ள போறத மட்டும்தான் கேட்டேன்" என்றார்.

அப்படியானால் நான் விட்ட கடலை, கோதுமை, மீன், பருப்பு, தேங்காய் எல்லாம்? கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"எதையும் விட்டிருக்க வேண்டாம்மா. உங்க பால்ல ஒரு குறையும் இருந்திருக்காது."

மறுபடி ஊறுமா என்று கேட்டேன். நன்றாகச் சாப்பிட்டு, அடிக்கடி அவனைப் போட்டுப் பாருங்கள், சிலருக்கு வரும், சொல்ல முடியாது என்றார். மருத்துவர்கள் சொல்ல முடியாது என்று எப்போது சொல்வார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும்.

சிமிழைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கறுப்பு போகவில்லை. குப்பையில் போட்டேன்.

நவம்பர் 1

கோமதி மதினிக்கு நானே போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. இவர் வாங்கிப் பேசினார். மை விஷயத்தைச் சொன்னார். பிறகு மதினி கேட்டது எனக்கே கேட்டது: "அவ இப்பம் மீன் திம்பாளா?"

நவம்பர் 3

மதினி வந்தாள். தூக்குவாளியோடு வந்தாள். மாடிப்படி ஏறி வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். "உள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். சொந்தத் தம்பி வீட்டு வாசலில் நின்று கேட்டாள். என் ஆயுசுக்கும் இந்தக் கேள்வி போதும். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

செழியனை வெறும் முகத்தோடு அவள் மடியில் விட்டேன். பொட்டில்லாமல் அவனைப் பார்க்க யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது. மதினி அவன் கன்னத்தைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எய்யா, எளைச்சிட்டியே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பயந்து பார்த்தாள். அவள் கைகளை எடுத்து அவன் கன்னத்தில் நானே வைத்தேன். சாயங்காலம்வரை இருந்தாள். கன்னத்தில் ஒன்றுமே வரவில்லை.

தட்டில் புட்டை வைத்தாள். நான் சாப்பிட்டேன். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு இதெல்லாம் மறந்துபோய்க் குமட்டியது, விழுங்கினேன். மதினி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பிறகு அறைக்குள் போய் அவனைப் போட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தக் கொஞ்ச நாளில் அவனுக்கு மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்து, என் மேல் கையை ஊன்றிக்கொண்டு இழுத்தான். விட்டான். இழுத்தான்.

வெளியிலிருந்து மதினி குரல் கொடுத்தாள். "ஊறுதா செல்வி?"

இவர் பாட்டிலைக் கலக்கும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டது: சுறாப் புட்டு, வயிறு நிறைய. செழியனுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவனுக்குப் போக என்னிடம் ஒன்றும் இல்லை.